மினுங்கும் பொருளைப் படம் எடுப்பது: குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், பட்டுச் சேலைக்கான முழுமையான வழிகாட்டி

நன்றாகத் துலக்கிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்றை மேசையில் வைத்து, போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தண்டில் ஜன்னல் கம்பி தெரியும். உச்சியில் இருக்கும் அன்னத்தின் மார்பில் படம் எடுப்பவரின் சட்டை தெரியும். அடிப்பாகத்தில் சிவப்புத் தரை தெரியும். விளக்கு மட்டும் தெரியாது.

பித்தளைக்குச் சொந்த முகம் கிடையாது; எதிரே இருப்பதைத்தான் காட்டும். ஆகவே பளபளப்பான பொருளைப் படம் எடுப்பது என்றால், அதன் எதிரே எதை நிறுத்துவது என்று முடிவு செய்வதுதான் முக்கால்வாசி வேலை. ஷட்டரை அழுத்துவது கடைசி. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் படம் எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சத்தை அங்கும் இங்கும் நகர்த்துவதால்தான் ஒரு விளக்குக்கு அரை நாள் ஆகிறது.

கீழே உள்ள அளவுகள் 2 அடி உயர விளக்கை வைத்துச் சொன்னவை. ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) இரண்டையும் கையால் மாற்ற முடிகிற போன் இருந்தாலே போதும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ட்ரைபாட் ஒன்று. போன் என்றால் அதைப் பிடிக்கும் கிளிப். வெள்ளைத் தெர்மாகோல் 2, கடையில் கிடைக்கும் 1 மீட்டருக்கு அரை மீட்டர் அளவே போதும். கறுப்பு சார்ட் அட்டை 1. பின்புலத்துக்கு மினுமினுப்பு இல்லாத வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தாள் சுருள், குறைந்தது 1 மீட்டர் அகலம். கிளிப்புகள், பருத்திக் கையுறை, பழைய டூத் பிரஷ், ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் நிற அட்டை.

வெளிச்சத்தை வடிகட்ட ஒரு வெள்ளை வேட்டி. கரை இல்லாத பகுதி ஜன்னலை முழுவதும் மறைக்க வேண்டும். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், வெளிச்சத்தில் லேசாக நீலம் ஏறும். கோராத் துணி மஞ்சளடிக்கும். இரண்டும் இல்லாவிட்டால் ட்ரேசிங் பேப்பரை ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்க வேண்டாதவை இரண்டு. முதலாவது ரிங் லைட். விளக்கின் ஒவ்வொரு குமிழிலும் ஒரு வெள்ளை வளையம் உட்கார்ந்துகொள்ளும், அதை எதைக்கொண்டும் அழிக்க முடியாது. இரண்டாவது போலரைசர் ஃபில்டர். கண்ணாடியிலும் தண்ணீரிலும் படும் பிரதிபலிப்பைத்தான் அது குறைக்கும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது தொடாது. பித்தளைக்கென்று சொல்லி விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டுப் பின்புலம் ஆக்கும் பழக்கம் நம் பக்கம் அதிகம். கல்யாணம், காதுகுத்து என்று ஊரெல்லாம் அது கிடைப்பதால் வரும் வினை. அதன் பளபளப்பு படத்தில் திட்டுத் திட்டாக விழும்.

2. துலக்குவது, துடைப்பது

கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை படத்தில் பூதாகரமாகத் தெரியும். அதனால் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

சாதாரணப் பித்தளை விளக்கைப் புளி அல்லது பீதாம்பரி போட்டுத் துலக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, உடனே துடைத்துவிட வேண்டும். தானாக உலரவிட்டால் தண்ணீர்த் திட்டு நிற்கும். தண்டின் வரிப்பள்ளங்களில் வெள்ளைப் பொடி தங்கும், அதை டூத் பிரஷால் எடுக்கவும். கடைசியாக உலர்ந்த திருநீற்றை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தால் மங்கல் போகும். அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

புது விளக்கில் மங்காமலிருக்கப் பூசும் லாக்கர் பூச்சு இருந்தால் புளி போடாமல் வெறும் ஈரத்துணியால் துடைக்கவும். பூச்சு ஓரிடத்தில் கிளம்பினால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பழைய வெண்கலச் சிலையில் கை வைக்கவே வேண்டாம். காலத்தால் ஏறிய கருமைக்குத்தான் அங்கே மதிப்பு.

தண்டின் மரைகளை இறுக்கமாகத் திருகி, விளக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அரை டிகிரிச் சாய்வு நேரில் தெரியாது, படத்தில் தெரியும். துலக்கிய அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது. நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் பித்தளை வெகு சீக்கிரம் மங்கும்.

3. ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது

நேர் வெயில் உள்ளே விழாத, வானம் தெரிகிற ஜன்னல் வேண்டும். நேர் வெயில் சிறிய, கடுமையான வெளிச்சம். பித்தளையில் ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றி இருட்டுமாக விழும். வானம் பெரிய வெளிச்சம். அகன்ற பட்டையாக விழும்.

புத்தகங்களில் "வடக்கு ஜன்னல்" என்று எழுதியிருக்கும். அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். தஞ்சாவூரும் கும்பகோணமும் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை, அதாவது ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கில் வரை, நம் ஊரில் சூரியன் நாள் முழுவதும் வடக்குப் பக்கமாகவே நகர்கிறது. அந்த 4 மாதமும் காலை, மாலை வெயில் வடக்கு ஜன்னலில் சாய்ந்து விழும். தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே விழாது. ஆகவே அந்த மாதங்களுக்குத் தெற்கு ஜன்னல். புரட்டாசி பிறந்து ஒரு வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை வடக்கு ஜன்னல். இடைப்பட்ட வாரங்களிலும் வடக்கேதான், ஆனால் காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடியிருக்கும் நாள்களில் திண்ணையோ தாழ்வாரமோ கூடப் போதும். வெளிச்சம் குறைவு என்று கவலைப்பட வேண்டாம், ட்ரைபாட் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாழைத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் என்றால் வெளிச்சமே பச்சையாக வரும், வேட்டியும் அதைத் தடுக்காது. அறைச் சுவர் பச்சை, ரோஸ் டிஸ்டம்பராக இருந்தாலும் அதே கதை. வெள்ளைச் சுவர் அறை தேடுங்கள்.

டியூப்லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் விளக்கின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் நிற்கும். பிறகு எந்தச் செயலியாலும் பிரிக்க முடியாது. ஃபேனையும் நிறுத்த வேண்டும். வேட்டி ஆடினால் தண்டில் விழும் வெளிச்சப் பட்டையும் ஆடும்.

4. மேசை, பின்புலம், தரை

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளிப் போடவும். பின்புலத் தாளைச் சுவரில் உயரத்தில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்கவும். மடிப்பு இருந்தால் படத்தின் நடுவே ஒரு கோடு ஓடும். விளக்குக்கும் தாளின் நிமிர்ந்த பகுதிக்கும் இடையே 50 சென்டிமீட்டராவது இருக்கட்டும், நிழல் அங்கே போய் விழாது.

தரையை மறந்துவிடுவார்கள். சிவப்பு ஆக்ஸைடு தரை உள்ள வீட்டில் விளக்கின் கீழ்ப்பாதி செம்பு போலச் சிவந்து தெரிவதற்கு அதுதான் காரணம். மேசைக்கு முன்னால் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டுவிடுங்கள்.

மேலேயும் பாருங்கள். அடிப்பாகத்தின் அகன்ற விளிம்பு கூரையை அப்படியே காட்டும். ஓட்டு வீட்டில் சட்டங்கள் கறுப்புக் கோடுகளாக விழும், மாடி வீட்டில் ஃபேன் இறக்கை விழும். விளக்குக்கு மேலே, படத்தில் வராத உயரத்தில், ட்ரேசிங் பேப்பரை இரண்டு கயிற்றில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

5. கேமராவை முதலில் நிறுத்தி, பிறகு தொடாமல் விடுவது

அட்டைகளை வைக்கும் முன்பே கேமரா தன் இடத்தில் நின்றுவிட வேண்டும். எந்தப் பிரதிபலிப்பு எங்கே தெரியும் என்பது கேமராவின் இடத்தைப் பொறுத்தது. பாதியில் ஒரு சாண் நகர்த்தினாலும் அட்டை வேலை முழுவதும் மறுபடியும்.

தூரம் ஒன்றரை முதல் 2 மீட்டர். போனில் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் பயன்படுத்தவும். கிட்டே போய்ச் சாதாரண லென்ஸில் எடுத்தால் பக்கத்தில் இருக்கும் பகுதி ஊதிப்போய், விளக்கின் உருவமே கெட்டுவிடும். குமிழ்களில் உங்கள் உருவமும் பெரிதாக விழும்.

உயரம், எண்ணெய்த் தட்டுக்கு 5 சென்டிமீட்டர் மேலே. அப்போதுதான் தட்டின் உட்புறம் மெல்லிய நீள்வட்டமாகத் தெரியும், 5 முகமும் எண்ண முடியும். அதைவிட உயர்த்தினால் தண்டு கீழே குறுகிக்கொண்டே போவதுபோல் தெரியும்.

படம் எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட வேண்டாம். அடர் நிறச் சட்டை, 2 விநாடி டைமர், அழுத்திவிட்டு ஓரடி ஒதுங்கிக்கொள்வது.

6. தண்டில் வெளிச்சத்தை வரைவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கண்ணைத் தண்டின் மேல் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்.

வேட்டியை ஜன்னலில் மாட்டுங்கள். ஜன்னல் இடப்பக்கம் என்றால், தண்டின் இடப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அது வெளிச்சம் அல்ல, வேட்டியின் உருவம். வேட்டியை ஜன்னலிலிருந்து பிரித்து, ஒரு கயிற்றில் விளக்குக்கு 40 சென்டிமீட்டர் அருகே கொண்டு வந்தால் பட்டை அகலமாகும். தள்ளினால் கம்பியாகச் சுருங்கும். தண்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டையாக இருக்கும் இடத்தில் நிறுத்தவும்.

இப்போது வலப்பக்கம் தெர்மாகோல். அங்கே இரண்டாவது பட்டை வரும். அது முதல் பட்டையைவிட மங்கலாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் உருண்டையான தண்டு தட்டைக் கட்டைபோல் தெரியும். தெர்மாகோலை 20 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அதன் ஓரம் தண்டில் கத்தியால் கீறியதுபோல் கோடாக விழுந்தால், அட்டையைச் சற்றே திருப்பி, ஒரு விளிம்பு ஜன்னலிலிருந்து விலகும்படி செய்யுங்கள். விளிம்பு மங்கி, பட்டை இதமாகக் கரையும்.

நடுவில் மிஞ்சுவது அடர்ந்த மஞ்சள். கேமராவுக்குப் பின்னாலிருக்கும் அறை இருட்டு அது. இதையும் வெள்ளையாக்க வேண்டும் என்று முன்னால் இன்னொரு தெர்மாகோல் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பித்தளை வெளிறி, பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அந்த இருட்டில்தான் உலோகத்தின் நிறம் இருக்கிறது.

அடுத்தது ஓரம். வெள்ளைப் பின்புலத்தில் விளக்கின் விளிம்பு காணாமல் போகும், ஏனென்றால் விளிம்பு பின்னாலிருக்கும் வெள்ளைத் தாளையே காட்டுகிறது. கறுப்பு அட்டையில் 5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு நீளக் கீற்றுகள் வெட்டி, விளக்குக்கு இரு பக்கமும், அரைச் சாண் பின்னால், படத்துக்குள் வந்துவிடாமல் நிறுத்துங்கள். விளக்கைச் சுற்றி மையால் வரைந்ததுபோல் மெல்லிய கரும் ஓரம் எழும்பும். கீற்று அகலமானால் ஓரம் தடித்துவிடும், வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. அவற்றின் பளபளப்பு குறைவு, நகை வேலைப்பாடு அதிகம். அடர் சாம்பல் பின்புலம், பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து ஒரே வெளிச்சம், மறுபக்கம் ஒரு தெர்மாகோல் போதும்.

7. ஷட்டர், நிறம், ஃபோகஸ்

கேமராவில் ஐஎஸ்ஓ 100, துளை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாய்) எஃப் 8 முதல் 11 வரை. ஜன்னலுக்கேற்ப ஷட்டர் 1/15 முதல் 1/4 விநாடி வரை வரும். எஃப் 8-க்குக் கீழே போனால் தட்டின் முன்முகம் தெளிவாகவும் பின்முகம் மங்கலாகவும் ஆகும். 16-க்கு மேலே போனால் படம் முழுவதுமே கூர்மை குறையும். பெரும்பாலான போன்களில் துளை மாறாது. ஐஎஸ்ஓவை 50 அல்லது 100-ல் நிறுத்தி, ஷட்டரை மட்டும் மாற்றவும்.

வெள்ளைப் பட்டையின் நடுவே கொஞ்சமாவது மஞ்சள் சாயல் வரும்வரை ஷட்டர் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். முழு வெள்ளையாகப் போன இடத்தைப் பிறகு மீட்க முடியாது. இருட்டான இடத்தை ஓரளவு தூக்கிக்கொள்ளலாம்.

ஆட்டோ நிறச் சமன் (வொயிட் பேலன்ஸ்) வேண்டாம். படத்தில் மஞ்சள் நிறைந்திருப்பதைப் பார்த்து, "வெளிச்சம்தான் மஞ்சள்" என்று கேமரா தப்புக்கணக்குப் போட்டு நீலத்தைக் கூட்டும். பித்தளை எவர்சில்வராகிவிடும். விளக்கு நிற்கும் இடத்தில் சாம்பல் அட்டையை வைத்து அதை வைத்தே நிறத்தைப் பூட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் 5500 கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) தொடங்கவும், மேகமூட்டம் என்றால் 6500.

ஃபோகஸ், தட்டின் முன்முகத்து விளிம்பில். தண்டின் பட்டையில் வைத்தால், அதில் தெரியும் வேட்டியின் மேல் ஃபோகஸ் போய்விடும் வாய்ப்பு உண்டு.

8. எரியும் விளக்கு

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். சூரியன் மறைந்த 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வரை. நம் ஊரில் அந்தி சட்டென்று முடிந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் மாலை வெயில் இருக்கும்போதே அடுக்கி வைத்துவிடுங்கள்.

சுடர் மிகப் பிரகாசம், பித்தளை இருட்டு. ஒரே படத்தில் இரண்டும் வராது. ட்ரைபாடில் அசையாமல் இரண்டு படம்: விளக்குக்காக எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1 விநாடி, சுடருக்காக அதே துளையில் 1/125. முதல் படத்தின் மேல் இரண்டாவதிலிருந்து சுடரை மட்டும் எடுத்து ஒட்டலாம். 1 விநாடிப் படத்தில் சுடர் வெள்ளைக் குமிழாக உப்பியிருக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. நிறம் 4000 கெல்வின் வாக்கில் இருந்தால் சுடர் பொன்னிறமாகவும் பின்னணி லேசான நீலமாகவும் நிற்கும்.

திரியை மெல்லியதாக, நெல் மணி நீளத்துக்கு மட்டும் வெளியே இழுத்து வையுங்கள். நீளத் திரி புகைந்து, தட்டின் விளிம்பில் கரி படிந்தால் மறுபடி துலக்க வேண்டியதுதான்.

9. தஞ்சாவூர் ஓவியம்

முதல் விதி: முடிந்தால் கண்ணாடி போடும் முன் எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் அறை தெரியாமலிருக்க கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்ட வேண்டும். ஆனால் தங்க ரேக்கின் (ஓவியத்தில் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டின்) தட்டையான இடங்களும் அந்தக் கறுப்பையே காட்டி, தங்கம் கரிந்ததுபோல் ஆகும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். போலரைசரும் இங்கே உதவாது. சுமார் 55 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் அது கண்ணாடியில் வேலை செய்யும், ஓவியத்தையோ நேர் எதிரே நின்று எடுக்கிறோம்.

ஓவியத்தை நிமிர்த்தி நிறுத்தி, லென்ஸ் அதன் மையத்துக்கு நேராக இருக்கட்டும். நான்கு மூலையும் சதுரமாக நிற்கிறதா என்று திரையின் கட்டக்கோடுகளை வைத்துப் பாருங்கள்.

வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து, பலகையின் பரப்புக்கு 30 டிகிரி சாய்வில் வரட்டும். நேர் வெளிச்சத்தில் மக்கு வேலையின் (பசையால் மேடாக எழுப்பிய நகை வேலையின்) எழுச்சி தட்டையாகிவிடும். கீழிருந்து வெளிச்சம் வந்தால் கண் ஏமாந்து, எழும்பிய நகை பள்ளமாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருவது என்றுதான் நம் கண் பழகியிருக்கிறது. வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் வைத்தால் ரேக்கின் மறுபக்கச் சரிவுகளும் பொன்னாகும்.

கற்கள் செத்துக் கிடந்தால், 2 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு சின்ன டார்ச்சை மேலிருந்து லேசாகக் காட்டுங்கள். அகன்ற வெளிச்சத்தில் கல் மின்னாது, புள்ளி வெளிச்சத்தில்தான் மின்னும்.

10. பட்டுச் சேலை

திருபுவனம் பட்டில் ஜரிகை பித்தளை மாதிரி, உடல் துணி மாதிரி. ஜரிகைக்காகக் குறைத்தால் உடல் இருண்டுவிடும். வெளிச்சத்தை ஜரிகை இழைக்குக் குறுக்காக, சாய்வாக விட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

மயில்கழுத்து போன்ற இரட்டைச் சாயல் சேலையை ஒரே கோணத்தில் எடுத்து அனுப்பினால் சண்டை நிச்சயம். பாவும் ஊடையும் வேறு நிறம் என்பதால் பார்க்கும் திசைக்கேற்ப நிறம் மாறும். இரண்டு திசையிலும் ஒவ்வொரு படம் வேண்டும். மடிப்புத் தடத்தை முன்பே நீவிவிடுங்கள்.

11. இரவில் எடுக்க வேண்டியிருந்தால்

ஒரே வகை எல்இடி பல்பு இரண்டு, பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று போட்டிருப்பது. மலிவு பல்பில் சிவப்பு குறைவு, அரக்குச் சேலை பழுப்பாகும். பல்பை நேராகக் காட்டாமல் வேட்டிக்குப் பின்னால் வைக்கவும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல பல்புகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் வரி விழாது. 1/500 போன்ற வேகத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும்.

12. அனுப்பும் முன்

100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, அன்னத்தின் மூக்கிலிருந்து அடிப்பாகம் வரை தூசி பாருங்கள். பொருளைக் கலைக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும், கலைத்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. மஞ்சளைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பார்சல் பிரித்தவர் கையில் இருக்கும் விளக்கு அந்த நிறத்தில் இருக்காது, திரும்பி வரும் செலவு உங்களுடையது.

ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். வெற்றுப் பின்புலத்தில் 9 அங்குல விளக்கும் 2 அடி விளக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நீண்ட பக்கம் 2000 பிக்சல் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், தண்டின் வரிகள் குழம்பும். டாக்குமென்டாக இணைத்து அனுப்பவும்.